சிறுமுதலும் சுதந்திரமும்
மலையக வெளியீட்டு முயற்சிகள் பற்றிச் சில குறிப்புகள்

நூலொன்றை மதிப்பிட முனையும் நம் விமர்சகர்கள் அதன் பொருளையும் நடையையும் பாத்திரங்களையும் அலசுகின்றனர். ஆசிரியனின் வர்க்கச் சார்பையும் ஆராய்கின்றனர். ஆனால் அந்நூல் எவருடைய பணத்தில் அச்சேறிற்று, அப்பணம் எவ்வழியில் திரும்பி வந்தது, அல்லது திரும்பாமலே போயிற்று என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. அது வியாபாரிகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகின்றோம். பொருளாதார அடித்தளம் பற்றி ஓயாது பேசும் முற்போக்காளரும் தம் கையிலுள்ள புத்தகத்தின் பொருளாதாரத்தை மறந்துவிடுவது விந்தையே.

பிற பிரதேசங்களின் இலக்கியத்தை ஆராய்வோருக்கு இம்மறதி ஓரளவு மன்னிக்கத் தக்கது. இலங்கையின் மலையக இலக்கியத்தை ஆராய்வோருக்கு அது தகாது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை மலைச்சரிவுகளில் பிறந்த எழுத்தின் வரலாறு, யார் பணம் கொடுத்தார்கள் என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

மலைநாட்டைப் பொருளாகக் கொண்ட முற்பட்ட தமிழ் அச்சுநூல்களில் ஒன்று 1869 ஆம் ஆண்டு வெளியான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கும்மி என்னும் மக்கள் வடிவத்தைக் கையாண்டபோதிலும், அது தோட்டத்தைத் துரைமாரின் பக்கம் நின்றே பார்க்கிறது. தொழிலாளரிடம் எப்படி வேலை வாங்குவது என்று வெள்ளைத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கும் கைநூல்களும் அடுத்தடுத்து அச்சாயின. அந்நூல்களில் தமிழ் ஏவல் மொழியாகச் சுருங்கிக் கிடப்பதைக் காணலாம். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அச்சுக்கூலி கொடுக்க வல்லவனும் வாங்கிப் படிக்க வல்லவனும் அன்று துரையாகவே இருந்தான். தொழிலாளி அச்சுக்குப் பொருளானானேயன்றி வாசகனாகக் கருதப்படவில்லை.

இந்நிலையை முதன்முதல் திட்டமிட்டு உடைத்தவர்கள் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையாரும் எனலாம். தஞ்சையிலிருந்து வந்த நடேசய்யர், அந்நியர் நுழையக்கூடாதென்றிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியின் வேடத்தில் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்தவர். 1921 இல் 'தேசநேசன்', 1924 இல் 'தேசபக்தன்' எனப் பத்திரிகைகளை நடத்தினார். 1931 இல் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். ஆனால் பத்திரிகையின் பத்திகள் எழுத்தறியாத தொழிலாளியை எட்டமாட்டா என்பதை இருவரும் உணர்ந்தனர். ஆகவே பாட்டைக் கையிலெடுத்தனர். சிறு பிரசுரங்களாகப் பாடல்களை அச்சிட்டு, வீதியோரக் கூட்டங்களில் மீனாட்சியம்மையார் பாட, மக்கள் திரண்டனர். இலங்கையில் இந்தியத் தொழிலாளர் வாழ்க்கையின் நிலைமை பற்றிய அவருடைய பாடற் பிரசுரம் 1940 இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் நெருக்கடியும், இந்தியர் எதிர்ப்பும் முற்றியிருந்த வேளை அது. சில பக்கங்களே கொண்ட அப்பிரசுரத்தைத் தூக்கிச் செல்ல வண்டி வேண்டியதில்லை. மறைத்து வைக்கப் பெட்டி வேண்டியதில்லை. தோட்டத்து எல்லைக்குள் துண்டுத்தாள் ஒன்று நுழைந்துவிட்டால், வாசிக்கத் தெரிந்த ஒருவன் போதும், லயம் முழுவதும் கேட்கும்.

இவ்வழியைத் தொடர்ந்து வந்தவர்கள் பாட்டுப் புத்தகக்காரர்கள். முப்பதுகள் தொடக்கம் சில பத்தாண்டுகள் இவர்கள் மலையகத்தின் நகரங்களிலும் புகையிரதங்களிலும் திருவிழாக் கூட்டங்களிலும் உலவினர். வி. எஸ். கோவிந்தசாமித் தேவர், பி. ஆர். பெரியசாமி, ஜில் சுல்தான் முதலிய பெயர்கள் இவ்வழியில் நினைக்கப்படுகின்றன. இவர்களது தொழில்முறை எளியது. மக்களுக்குத் தெரிந்த மெட்டொன்றில் பாட்டைக் கட்டுவார்கள். சிறு அச்சகமொன்றில் சில பக்கங்களாக அச்சிடுவார்கள். சம்பள நாள் பார்த்துச் சந்தியில் நின்று தாமே பாடி, சில சதங்களுக்கு விற்பார்கள். விற்ற காசில் அச்சகக் கடன் போக எஞ்சியது அடுத்த பாட்டுக்கு முதலாகும்.

இதைத் தொழில் என்ற வகையில் ஊன்றி நோக்க வேண்டும். இங்கே எழுத்தாளன், வெளியீட்டாளன், விற்பனையாளன் மூவரும் ஒருவனே. முதலீடு சிறியது. ஆகவே நட்டமும் சிறியது. கடன் கொடுத்தவன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சம்பள நாள் வரை பொறுத்தால் போதும். எல்லாவற்றினும் முக்கியமானது, காசு கொடுத்தவன் யார் என்பது. நாளெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவளும், கவ்வாத்து வெட்டியவனும் தம் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த சதங்கள் அவை. பாட்டு பிடிக்காவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். பொய்யென்று தோன்றினால் முகத்துக்கு நேரே சிரிப்பார்கள். இத்தகைய நேரடித் தேர்வுக்கு உட்பட்ட எழுத்து நம்மிடையே அரிது.

அப்பாடல்கள் அனைத்தும் உயர்ந்த இலக்கியம் என்று நாம் கூறவில்லை. சினிமா மெட்டின் தயவிலே நின்றவை பல. ஒரே உவமையைத் திரும்பத் திரும்பச் சொன்னவை பல. விற்கவேண்டும் என்ற அவசரம் சிலவற்றைக் கொச்சையாக்கிற்று. மேலும், அத்தாள்களுள் பெரும்பாலானவை அழிந்தே போயின. சாரல் நாடன், மு. நித்தியானந்தன் போன்றோர் தேடிச் சேர்த்தவற்றைக் கொண்டே இன்று நாம் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' 2014 இல்தான் வந்தது. சிறிய வெளியீடு மக்களிடம் விரைவில் போகிறது. அதே விரைவில் மறைந்தும் போகிறது. இதை மனத்திற் கொண்டே மேலே செல்லவேண்டும்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஓர் இலக்கியம் தன் வாசகரை உருவாக்கிக்கொண்டிருந்த வேளையிலேயே அவ்வாசகரைக் கப்பலேற்றிய ஒப்பந்தம் அது. இந்தச் சூழ்நிலையில், அறுபதுகளில் எழுந்த புதிய எழுத்தாளர் தலைமுறைக்குப் பாட்டுப் புத்தகக்காரனின் சந்தி போதவில்லை. சிறுகதையைச் சந்தியில் நின்று பாட முடியாது. அவர்கள் தினசரிகளை நாடினர்.

தினசரிகள் செய்த தொண்டை மறைப்பது நேர்மையாகாது. 'வீரகேசரி' தோட்டப் பகுதிக்கெனத் தனிப் பக்கம் ஒதுக்கிற்று. மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் 1971 இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுதியாக வெளிவந்தன. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட எழுபதுகளில் வீரகேசரி நிறுவனம் பெருவாரியாக நாவல்களை வெளியிட்டு, ஈழத்து நூல்களை நாடெங்கும் கொண்டு சென்றது. ஆனால் 1977 இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட, தென்னிந்திய ஏடுகள் மீண்டும் குவிந்தன. அம்முயற்சி தளர்ந்து ஓய்ந்தது. நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை எடுத்துரைக்கவில்லை. பெருந்தொகைப் பிரதிகளை நம்பி நிற்கும் வெளியீடு சந்தையின் ஒரு திருப்பத்தில் விழுந்துவிடும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். பத்தாயிரம் விற்றால்தான் நிலைக்கும் என்றிருப்பவனுக்கு ஐயாயிரம் விற்பதும் தோல்வியாகிவிடும்.

தினசரியில் கதை வருவது ஒன்று, அது நூலாக நிலைப்பது வேறொன்று. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதை 1961 இல் வெளிவந்தது. மலையகச் சிறுகதை வரலாற்றில் திருப்பமாக அமைந்தது என்று பலரும் ஒப்புக்கொண்ட கதை அது. அப்பெயரில் அவருடைய தொகுதி வெளிவந்தது 1980 இல். ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! இந்த இருபது ஆண்டுக் காத்திருப்புக்கு முடிவு கட்டியது பெரிய நிறுவனம் எதுவுமன்று. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராயிருந்த மு. நித்தியானந்தன் நடத்திய 'வைகறை' என்னும் சிறு வெளியீடு. 1979 இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980 இல் 'ஒரு கூடைக் கொழுந்து', 1981 இல் சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' என மூன்று ஆண்டுகளில் மூன்று நூல்கள். மலையகப் புனைகதையைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் எவரும் இம்மூன்றையும் விட்டுவிட்டுப் பாடம் நடத்த இயலாது.

1981 இன் இறுதியில் நித்தியானந்தன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். வைகறையின் பணியும் அத்துடன் தடைப்பட்டது. தனி மனிதரின் தோள்மீது நிற்கும் முயற்சி அத்தோளோடு சரிந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

1997 இல் வேறொரு வகை முயற்சியைக் காண்கிறோம். கொழும்பில் வர்த்தகராயிருந்த துரை விஸ்வநாதன் 'துரைவி' பதிப்பகத்தைத் தொடங்கினார். தெளிவத்தை ஜோசப்பின் துணையுடன் 33 கதைகள் கொண்ட 'மலையகச் சிறுகதைகள்', 55 கதைகள் கொண்ட 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரு பெருந்தொகுதிகள் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. பழைய தினசரித் தாள்களில் மட்கிக்கொண்டிருந்த கதைகள் நூலுருவம் பெற்றன. மாணவர் கையில் சேர்ந்தன. 1998 இல் அவர் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் ஒரு மனிதர் செய்த பணியாக நோக்கும்போது இது பெரிது.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். துரைவி சொந்தப் பணத்தில் நின்றது. ஆனால் நூலின் வருவாயில் நிற்கவில்லை. வர்த்தகத்தில் ஈட்டியதை இலக்கியத்திற் செலவிட்டார் அந்தப் பெரியவர். தமக்குத் தாமே புரவலரானார் என்று சொல்லலாம். அதனால் எந்த அரசியல்வாதியிடமும் எந்தத் தோட்டக் கம்பனியிடமும் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை. அது போற்றத்தக்கது. ஆனால் வர்த்தகர்கள் எல்லோரும் விஸ்வநாதன் ஆகமாட்டார்கள். ஒருவரின் பெருந்தன்மையை ஓர் இலக்கியத்தின் ஏற்பாடாகக் கொள்வது ஆபத்தானது. சொந்தப் பணத்தில் தொடங்குதல் வேறு, சொந்த வருவாயில் நிலைத்தல் வேறு. பாட்டுப் புத்தகக்காரன் இரண்டாவதைச் செய்தான். கல்வியிலும் வசதியிலும் அவனை விஞ்சிய நாம் இன்னும் முதலாவதிலேயே நிற்கிறோம்.

இரண்டாவதைச் செய்தவர்கள் மலையகத்துக்கு வெளியிலும் உளர். டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கியபோது அவருடைய மூலதனம் சவரக் கத்தியும் கத்தரிக்கோலும்தான். சலூனில் உழைத்தார். இதழைத் தாமே சுமந்து வீதி வீதியாக விற்றார். 2012 வரை, 400 இதழ்களுக்கு மேல் அது வெளிவந்தது. இலக்கியக் கொள்கையில் மல்லிகைக்கு எதிர்த்திசையில் நின்ற சி. சு. செல்லப்பா, 1959 ஜனவரியில் சென்னையில் 'எழுத்து' தொடங்கியபோது 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார். எண்ணிக்கைக்காக இதழை வளைக்கமாட்டேன் என்பதே அதன் பொருள். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அதற்கு அவரும் அவர் குடும்பமும் கொடுத்த விலை பெரிது. மனைவியின் நகைகளும் அதிற் போயின. இத்தகைய கதைகளை நாம் தியாகம் என்று சொல்லிக் கைதட்டுகிறோம். அந்தத் தியாகத்தில் எவ்வளவு பங்கு வீட்டுப் பெண்ணினுடையது என்று கேட்பதில்லை. மலையகத்தில் மீனாட்சியம்மையாருக்கு மேடையும் பெயரும் கிடைத்தன. பிரதிகளை அடுக்கியும் கட்டியும், வராத பணத்துக்காகக் குடும்பச் செலவைச் சுருக்கியும் உழைத்த ஏனைய பெண்களின் பெயர்கள் எந்த முன்னுரையிலும் இல்லை. சிறுவெளியீட்டின் வரவு செலவில் அவர்களது உழைப்பும் ஒரு செலவினமாக எழுதப்பட வேண்டும்.

இவ்விடத்தில் இடதுசாரி நண்பர் ஒருவர் இடைமறிக்கக்கூடும். 'சிறுவுடைமையைப் போற்றுவது எப்படி முற்போக்காகும்? சிறிய கடைக்காரனின் மனோபாவத்தை இலக்கியத்தில் ஏற்றிவைக்கிறீரா?' என்று அவர் கேட்பார். கேள்வி நியாயமானது. சிறியது என்பதனாலேயே எதுவும் நல்லதாகிவிடாது. சிறிய முதலாளி தன் அச்சுக்கோப்பாளனைப் பெரிய முதலாளியைவிடக் கொடுமையாகச் சுரண்டியதும் உண்டு.

ஆனால் சிறுமையிலும் இருவகை உண்டு. தேயிலை இயல்பிலே ஒரு மரம். விட்டுவிட்டால் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். பறிப்பவளின் கைக்கு எட்டவேண்டும், கொழுந்து ஓயாது தளிர்க்க வேண்டும் என்பதற்காகவே ஆண்டுகள் சில கழியுந்தோறும் அதைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். அதன் குட்டைத்தனம் அதன் விருப்பமன்று, கம்பனியின் இலாபம். மலையகத்தின் கல்வியையும் குடியிருப்பையும் உரிமையையும் அவ்வாறே ஒன்றரை நூற்றாண்டாக வெட்டி நிறுத்தினார்கள். அந்தச் சிறுமையை அழகென்று பாடுபவன் மக்களின் பகைவன். எழுத்தாளன் தன் வெளியீட்டைத் தன் சக்திக்குள் வைத்துக்கொள்வது முற்றிலும் வேறு. அங்கே கத்தி அவன் கையில் இருக்கிறது. எதை வெட்டுவது, எதை வளரவிடுவது என்று தீர்மானிப்பவன் அவன்.

இந்தத் தீர்மானம் இன்று அவசரமான ஒன்றாகியிருக்கிறது. ஈய எழுத்துக் கோக்கப்பட்ட காலத்தில் நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் கோப்புக்கூலி ஒன்றே. ஆகவே பிரதிக்கு விழும் செலவைக் குறைக்க ஆயிரம் அடித்து, எண்ணூறைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கினார்கள் நம் எழுத்தாளர்கள். முதல் நூலின் கட்டுகள் இரண்டாம் நூலுக்கு இடம்விடவில்லை. இப்போது கணினி வழி அச்சில் நூறு, இருநூறு பிரதிகளாக எடுக்க முடிகிறது. விற்ற பின் மீண்டும் எடுக்கலாம். பாட்டுப் புத்தகக்காரனின் முறை மறுபடியும் சாத்தியமாகியிருக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? நூலுக்கு வாசகர் தேடப்படுமுன் புரவலர் தேடப்படுகிறார். வெளியீட்டு விழா மண்டபத்தில் முதற் பிரதி பெறும் பிரமுகரின் உறையில் உள்ள தொகையே அச்சகக் கடனைத் தீர்க்கிறது. மேடையில் அரசியல்வாதியும் தொழிற்சங்கத் தலைவரும் அமர்கிறார்கள். இன்னொரு புறம் திட்ட நிதிகள். அவற்றின் படிவங்களில் இன்ன பொருள் பற்றி, இன்ன காலத்துக்குள் என்று நிரப்ப வேண்டியிருக்கிறது. யாரும் 'இதை எழுதாதே' என்று சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை. அடுத்த நூலுக்கும் அதே வாசலுக்குப் போக வேண்டும் என்ற நினைவு எழுதும் கையைத் தானாகவே கட்டிவிடுகிறது. சந்தாப் பணம் பற்றியும் சங்கத்தின் சமரசம் பற்றியும் எழுதவேண்டிய கதை, பனியும் பசுமையும் பற்றிய கவிதையாக மாறிவிடுகிறது. விமர்சகன் அதைப் படித்துவிட்டு 'ஆழமில்லை' என்கிறான். ஆழம் எங்கே போயிற்று என்பதை அவன் மண்டபத்து மேடையில் தேடியிருக்க வேண்டும்.

மறுபுறம், தொழிலாளியின் நிலையையும் எண்ண வேண்டும். ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின் 2021 இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதன் பின் அது உயர்ந்தபோதிலும், நூலொன்றுக்கு ஒரு நாட் கூலியைக் கொடு என்று அவனிடம் கேட்பது அநியாயம். அப்படியானால் தடித்த அட்டையும் வழவழப்பான தாளும் யாருக்காக? முப்பத்திரண்டு பக்கத்தில் இரண்டு கதைகளை அச்சிட்டு, ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்குத் தோட்டத்துக்குள் கொண்டுபோக நம்மால் ஏன் முடியவில்லை? நூறு ஆண்டுகளுக்கு முன் தடைகளைத் தாண்டி உள்ளே போன வியாபாரிக்கு ஒரு புடவை மூட்டை போதுமாயிருந்தது.

சிறுவெளியீடு நிலைக்க நல்லெண்ணம் மட்டும் போதாது. சில கடமைகள் உண்டு. முதலாவது கணக்கு. எத்தனை பிரதி அச்சாயிற்று, எத்தனை விற்றது, எவ்வளவு செலவு என்பதை மறைக்காது நூலின் இறுதியிலேயே வெளியிடலாம். வாசகன் பங்காளியாவான். இரண்டாவது முன்பணம். ஐம்பது ஆசிரியர்கள் ஆளுக்கொரு பிரதிக்கு முன்னரே பணம் செலுத்தினால் சிறு நூலொன்றின் அச்சுச் செலவிற் பெரும்பகுதி தீரும். மண்டபமும் பிரமுகரும் வேண்டியதில்லை. மூன்றாவது கூட்டு. பெரிதாக வேண்டுமென்றால் ஒருவன் பெருப்பதைவிடப் பலர் சேர்வது நல்லது. ஹட்டனில் ஒன்று, பதுளையில் ஒன்று, கண்டியில் ஒன்று என்றிருக்கும் சிறு வெளியீடுகள் விற்பனையை மாத்திரம் பொதுவாக்கிக்கொண்டு, எதை வெளியிடுவது என்ற தீர்ப்பைத் தத்தம் கையில் வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவு என்பது இடதுசாரிகளுக்குப் புதிய சொல்லன்று. நான்காவது வாரிசு. வைகறைக்கும் துரைவிக்கும் நேர்ந்தது இனி நேராதிருக்க, ஒவ்வொரு வெளியீட்டாளரும் இளைஞர் இருவரையாவது அச்சு, கணக்கு, விற்பனை மூன்றிலும் பழக்கிவிட வேண்டும்.

இவற்றுள் எதையும் அரசோ கம்பனியோ வந்து செய்யப்போவதில்லை. செய்யக்கூடியவர்கள் மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் மாணவர்களுமே. பாட்டுப் புத்தகக்காரனிடம் காசு கொடுத்து வாங்கிய தொழிலாளரின் பேரப் பிள்ளைகள் பலர் இன்று வகுப்பறைகளில் நின்று இலக்கியம் கற்பிக்கிறார்கள். அவர்கள் அடுத்த மாதச் சம்பளத்தில் மலையகத்துச் சிறு நூல் ஒன்றை விலை கொடுத்து வாங்கட்டும். இலவசப் பிரதி கேட்காதிருக்கட்டும். படித்துப் பிடிக்காவிட்டால் அதை எழுதியவனுக்கே நேரிற் சொல்லட்டும். சந்தியில் நின்று பாடியவனுக்கு அவர்கள் பாட்டன்மார் செய்ததும் அதுதான்.